டெர்பியை ஜெயிப்பது எப்படி? மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் மோதலின் சூட்சுமங்கள்!

கொல்கத்தா: ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீனுக்கு கிராக்கி. மோகன் பகான் ஜெயித்தால் இறாலுக்கு கிராக்கி. கொல்கத்தா மீன் மார்க்கெட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கணக்கு இது. (இலிஷ் என்பது நம்மூர் உல்லம் மீன் தான். முள்ளும் ஜாஸ்தி, ருசியும் ஜாஸ்தி.)

தோற்ற அணியின் ரசிகர் வீட்டில் அன்று சோறே இறங்காது. அது தனிக்கதை.

இந்தியக் கால்பந்தில் எத்தனையோ மோதல்கள் இருக்கலாம். ஆனால் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் கொல்கத்தா டெர்பிக்கு முன் எல்லாமே ஜுஜுபி. பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு மேட்சை மட்டும் ஜெயித்துக் கொடுங்கப்பா என்று வீரர்களிடம் கெஞ்சும் ரசிகர்கள் உள்ள ஊர் அது.

டெர்பி நெருங்கும்போதெல்லாம் டீக்கடையில் இருந்து டி.வி. ஸ்டுடியோ வரை ஒரே பேச்சு தான். ஜெயிக்க என்ன செய்யணும்? நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்துவரும் மோதலின் வரலாற்றைப் புரட்டினால் பதில் ஓரளவு கிடைக்கிறது. விவரம் வருமாறு:-

பகை பிறந்த கதை

மோகன் பகான் 1889ல் தொடங்கப்பட்ட கிளப். 1911ல் ஐ.எப்.ஏ. ஷீல்டு பைனலில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்கார ராணுவ அணியை 2-1 என்று மண்ணைக் கவ்வ வைத்தது. பூட்ஸ் போட்டு ஆடியவர்களை பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடியவர்கள் வீழ்த்தியதால் நாடே கொண்டாடியது.

ஈஸ்ட் பெங்கால் பிறந்ததே மோகன் பகானுடனான ஒரு மேட்ச் தகராறில் தான். 1920 ஜூலையில் ஜோராபகான் என்ற கிளப் மோகன் பகானுடன் மோதியது. அப்போது கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த வீரர் சைலேஷ் போஸை அணியில் இருந்து கழற்றிவிட்டார்கள். கோபித்துக்கொண்டு வெளியேறிய துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி உள்ளிட்டோர் சேர்ந்து ஆகஸ்ட் 1ம் தேதி ஆரம்பித்தது தான் ஈஸ்ட் பெங்கால். மறுவருஷமே கூச்பிகார் கோப்பையில் இரு அணிகளும் மோதின. கோல் இல்லாமல் டிரா.

1947ல் தேசப் பிரிவினை. கிழக்கு வங்கத்தில் இருந்து வீடு வாசல் இழந்து வந்தவர்களுக்கு கொல்கத்தாவில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது சிவப்பு-தங்க நிற ஜெர்சி தான். அவர்களுக்குப் பெயர் 'பாங்கால்'. மேற்கு வங்கத்துப் பூர்வீகக்காரர்களுக்குப் பெயர் 'கோட்டி' (நெல்லைக்காரர்கள் சிரிக்க வேண்டாம், அங்கே அர்த்தம் வேறு). கோட்டிகளின் அணி பச்சை-மெரூன் மோகன் பகான்.

ஆக, தோற்றால் போவது மூன்று பாயிண்ட் மட்டுமல்ல.

'பார்ம்' எடுபடாதா?

டெர்பியில் பார்ம் எல்லாம் எடுபடாது, அன்றைக்கு யார் நன்றாக ஆடுகிறார்களோ அவர்களுக்குத் தான் என்று முன்னாள் வீரர்கள் முதல் ரிக்ஷாக்காரர்கள் வரை சொல்வார்கள். கேட்க நன்றாகத் தான் இருக்கிறது. ஆனால் இது பாதி உண்மை.

2020 ஜனவரியில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை வரிசையாக எட்டு டெர்பி. எட்டிலும் மோகன் பகான் தான். 2020ல் ஏ.டி.கே.வுடன் இணைந்து பணபலத்தோடு ஐ.எஸ்.எல்.லுக்குள் வந்த மோகன் பகான் நல்ல வீரர்களாகப் பார்த்து அள்ளிக்கொண்டது. ஈஸ்ட் பெங்காலோ கடைசி நேரத்தில் ஸ்பான்சரைப் பிடித்து அவசர அவசரமாக அணியைச் சேர்த்தது. அணியில் ஆள் சரியில்லை என்றால் வரலாறு வந்து கோல் போடாது என்பதை அந்த எட்டு மேட்சுகளும் மண்டையில் அடித்தாற்போல் காட்டின.

அப்புறம் எப்படி அந்த வரிசை உடைந்தது? அங்கே தான் நம்ம ஊர்ப் பையன் வருகிறார்.

சென்னை கால் போட்ட கோல்

2023 ஆகஸ்ட் 12. துராந்த் கோப்பை லீக் சுற்று. இடம் சால்ட்லேக் ஸ்டேடியம். கடைசியாக ஈஸ்ட் பெங்கால் டெர்பி ஜெயித்தது 2019 ஜனவரியில். நாலரை வருஷமாக அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும் கிண்டலைத் தாங்கிய ரசிகர்கள் இந்த முறையும் பெரிய நம்பிக்கையோடு வரவில்லை.

வரக் காரணமும் இல்லை. சில நாள் முன்பு தான் வங்கதேச ராணுவ அணியுடன் 2-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 2-2 என்று கோட்டை விட்டிருந்தார்கள். எதிரே மோகன் பகானில் அனிருத் தாபா, சகல் அப்துல் சமத் என்று புதிதாக வந்த இந்திய நட்சத்திரங்கள். 2022 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய ஜேசன் கம்மிங்ஸ் வேறு.

ஈஸ்ட் பெங்காலின் புது கோச் ஸ்பெயின்காரர் கார்லஸ் குவாட்ராட். பெங்களூரு அணிக்கு ஐ.எஸ்.எல். பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவர் செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. பதறாமல், இடைவெளி விடாமல் தடுத்து ஆடு, பந்து கிடைத்ததும் விங்கில் ஓடு. அவ்வளவு தான். முதல் பாதி கோல் இல்லாமல் போனபோதே மோகன் பகான் பக்கம் முகம் மாறத் தொடங்கிவிட்டது.

60வது நிமிடம். வலது பக்கம் பந்தை வாங்கிய நந்தகுமார் சேகர், எதிரே நின்ற அனிருத் தாபாவை ஏமாற்றி உள்ளே வெட்டினார். இடது காலால் வளைத்து ஓர் அடி. தூர மூலையில் பந்து வலைக்குள் புகுந்தது. கோல்கீப்பர் விஷால் கெயித் பாய்ந்தும் பலனில்லை. 1-0. அதுவே முடிவும் ஆனது.

நந்தகுமார் சென்னைப் பையன். சென்னை சிட்டி எப்.சி., டெல்லி டைனமோஸ், ஒடிசா என்று ஆடிவிட்டு அந்த ஆண்டு தான் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்திருந்தார். பாங்காலும் இல்லை, கோட்டியும் இல்லை. இந்தப் பகையின் பாரம் தோளில் இல்லாத ஒருவர் தான் அன்று அந்தப் பாரத்தை இறக்கி வைத்தார். கேலரியில் பெரிய பெரிய ஆம்பிளைகள் எல்லாம் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

அந்த மேட்ச் சொல்லும் சூட்சுமம் எளிது. பலம் குறைந்த அணி என்றால் முதலில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கணும். அப்புறம் தனியாளாக ஒருவரைத் தாண்டிப் போகத் தெரிந்த விங் வீரர் ஒருவர் இருக்கணும்.

முதல் 25 நிமிடம்

தாக்குப்பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது.

2021 நவம்பரில் கோவாவில் நடந்த ஐ.எஸ்.எல். டெர்பியில் 12வது நிமிடம் ராய் கிருஷ்ணா, 14வது நிமிடம் மன்வீர் சிங், 23வது நிமிடம் லிஸ்டன் கொலாசோ. மோகன் பகான் 3-0. டீ குடித்துவிட்டு வந்து டி.வி. முன் உட்கார்ந்தவர்களுக்குப் பார்க்க ஒன்றுமே மிச்சமில்லை. 2025 ஜனவரியில் குவஹாத்தியில் இன்னும் மோசம். ஜேமி மெக்லாரன் 2வது நிமிடத்திலேயே போட்ட கோல் தான் மேட்சின் ஒரே கோல்.

இதெல்லாம் ஒன்றுமே இல்லை. 1976ல் கொல்கத்தா லீக் மேட்சில் மோகன் பகானின் முகமது அக்பர் 17 வினாடியில் கோல் போட்டார். அதுவும் 1-0 என்றே முடிந்தது.

ஆனால் முதல் கோலை வாங்கியவுடன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பவும் தேவையில்லை. 2024 ஜனவரி சூப்பர் கோப்பையில் மோகன் பகானின் ஹெக்டர் யுஸ்தே முதல் கோல் போட்டார். ஐந்தே நிமிடத்தில் கிளைட்டன் சில்வா சமன் செய்ய, கடைசியில் ஈஸ்ட் பெங்கால் 3-1. சில்வாவுக்கு இரண்டு, நந்தகுமாருக்கு ஒன்று. அப்போது மோகன் பகானின் முக்கிய இந்திய வீரர்கள் பலர் ஆசியக் கோப்பைக்காக தேசிய அணியோடு கத்தாரில் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்த வீரர் எங்கே இருக்கிறார் என்று காலண்டரைப் பார்ப்பதும் ஜெயிக்கிற வேலையில் சேர்த்தி தான்.

வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிய கதை

1997 ஜூலை 13. பெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட்லேக்கில் அன்று கூடியவர்கள் 1,31,781 பேர். இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் அப்படி ஒரு கூட்டம் கூடியதாகக் கணக்கில்லை.

மோகன் பகான் கோச் அமல் தத்தா. ஈஸ்ட் பெங்கால் கோச் பி.கே. பானர்ஜி. இருவருமே பழம் தின்று கொட்டை போட்டவர்கள். தத்தா அந்த சீசனில் 'டைமண்ட் சிஸ்டம்' என்று ஒரு முறையைக் கொண்டுவந்திருந்தார். அலை அலையாக முன்னேறித் தாக்குவது. எதிரணிகள் திணறின. பத்திரிகைகளில் எங்கு பார்த்தாலும் டைமண்ட், டைமண்ட், டைமண்ட்.

தத்தா அத்தோடு நிற்கவில்லை. மேட்சுக்கு முன் ஈஸ்ட் பெங்கால் வீரர்களைக் கிண்டலடித்தார். பைச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றார். சோசோவை 'ஷோஷா' என்றார், வங்காளியில் வெள்ளரிக்காய். கென்யா வீரர் ஒமோலோவுக்கு 'ஆம்லெட்' என்று பட்டம்.

பானர்ஜி திருப்பித் திட்டவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. உடை மாற்றும் அறையில் வீரர்களுக்கு ரோஷம் வரும்படி பேசுவதில் அவர் கில்லாடி. அதற்கு 'வோக்கல் டானிக்' என்றே கொல்கத்தாவில் பெயர். தத்தாவின் கிண்டலே அந்த வருஷம் டானிக்கில் பாதியாக அமைந்துவிட்டது.

விளைவு? ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. 'சுங் சுங்' பூட்டியா ஹாட்ரிக். எல்லோரும் முன்னால் ஓடிவிட்டதால் பின்னால் கிடந்த காலி இடத்தில் பூட்டியா புகுந்து விளையாடினார். மோகன் பகானுக்கு சீமா ஒகோரி போட்ட ஒரு கோல் தான் ஆறுதல்.

டைமண்ட் முறை மோசமானது என்று இதற்கு அர்த்தமில்லை. மற்ற மேட்சுகளில் அது எதிரணிகளை ஓட ஓட விரட்டியது. டெர்பியில் பின்பக்கம் கதவைத் திறந்து வைத்துவிட்டு, திருடனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது தான் தப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஈஸ்ட் பெங்கால் பைனலில் சல்கோகரிடம் தோற்றது. கோப்பை போனது பற்றி இன்று எந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகரும் பேசுவதில்லை.

கோபம் வந்தால் கெட்டது

கோபத்தின் விலை இந்த மோதலில் கோல் கணக்கோடு நின்றதில்லை. 1975 ஐ.எப்.ஏ. ஷீல்டு பைனலில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று ஜெயித்த பிறகு ஒரு மோகன் பகான் ரசிகர் உயிரையே மாய்த்துக்கொண்டார்.

1980 ஆகஸ்ட் 16ம் தேதி ஈடன் கார்டனில் லீக் மேட்ச். ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித், மோகன் பகானின் பிதேஷ் போஸ் இருவரும் முட்டிக்கொள்ள, இருவரையும் நடுவர் வெளியேற்றினார். இரு அணி ரசிகர்களும் அப்போது கலந்து உட்கார்ந்திருந்தார்கள். கேலரியில் மூண்ட அடிதடி, நெரிசலில் 16 பேர் பலியானார்கள். மேட்ச் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. இன்றும் அந்த நாளில் கொல்கத்தாவில் ரத்த தானம் செய்கிறார்கள்.

2012 டிசம்பரில் மறுபடியும் கலவரம். ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று முன்னிலை. நடுவரிடம் வாக்குவாதம் செய்த மோகன் பகான் கேப்டன் ஓடாபா ஒகோலிக்கு சிவப்பு அட்டை. கூட்டத்தில் இருந்து பறந்த கல் மோகன் பகான் வீரர் ரகீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் களம் இறங்க மறுத்தது. முதலில் தடை, அப்புறம் தடையை நீக்கி 2 கோடி ரூபாய் அபராதம். அதுவரை சேர்த்த பாயிண்டுகளும் பூஜ்யம். ஒரு சிவப்பு அட்டையில் தொடங்கியது, சீசனையே காலி செய்தது.

அதற்காக எதிரணிக்கு சிவப்பு அட்டை விழுந்தால் ஜெயித்தாச்சு என்று நினைக்கவும் முடியாது. 2023 செப்டம்பர் துராந்த் பைனலில் அனிருத் தாபா வெளியேற்றப்பட, மோகன் பகான் பத்து பேரானது. ஈஸ்ட் பெங்கால் அவசரப்பட்டு மொத்தமாக முன்னேறியது. ஒன்பதாவது நிமிடத்தில் திமித்ரி பெட்ராடோஸ் பந்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டார். கோப்பை மோகன் பகானுக்கு. ஆகஸ்டில் அழுது சிரித்தவர்கள் மூன்றே வாரத்தில் அழ மட்டும் செய்தார்கள்.

கோல்கீப்பர் தலையில் விழும் இடி

டெர்பியில் ஸ்டிரைக்கர் சொதப்பினால் மறுவாரம் மறந்துவிடுவார்கள். கோல்கீப்பர் சொதப்பினால் பேரன் காலத்திலும் பேசுவார்கள்.

அந்த 1975 பைனலில் மோகன் பகான் கோலுக்கு முன் நின்றவர் இளைஞர் பாஸ்கர் கங்குலி. நாலு கோல் வாங்கியதும் மாற்றிவிட்டார்கள். கதை முடிந்தது என்றார்கள். அவரோ பின்னர் ஈஸ்ட் பெங்காலுக்கே போய், 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குக் கேப்டனும் ஆனார்.

பெனால்டியில் தான் கீப்பரின் மவுசு தெரியும். 2024 மார்ச்சில் ஸ்கோர் 0-0 என்று இருந்தபோது கிளைட்டன் சில்வா அடித்த பெனால்டியை விஷால் கெயித் தடுத்தார். இடைவேளைக்குள் மோகன் பகான் மூன்று கோல் போட்டுவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் 1-1 என்று இருந்தபோது பெட்ராடோஸ் பெனால்டியை வீணடித்த மேட்சில் தான் மோகன் பகான் தோற்றது. பெனால்டி தவறினால் போவது ஒரு கோல் மட்டுமல்ல, அடித்த அணியின் தைரியமும் கூடவே போகிறது.

2025 அக்டோபர் ஐ.எப்.ஏ. ஷீல்டு பைனல் 1-1 டிரா. பெனால்டி ஷூட்அவுட்டுக்காகவே ஈஸ்ட் பெங்கால் கீப்பர் பிரப்சுகன் கில்லை எடுத்துவிட்டு தேப்ஜித் மஜும்தாரை இறக்கியது. அவரால் ஒன்றையும் தடுக்க முடியவில்லை. அந்தப் பக்கம் கெயித் ஒன்றைத் தடுத்தார். 5-4 என்று மோகன் பகானுக்குக் கோப்பை. ஏன் மாற்றினார்கள் என்ற சண்டை கிளப்புக்குள்ளேயே வெடித்தது. நன்றாக நின்றுகொண்டிருக்கும் கீப்பரைக் கடைசி நிமிடத்தில் மாற்றுவது சூதாட்டம். விழுந்தால் புத்திசாலித்தனம், விழாவிட்டால் சந்தி சிரிக்கும்.

பெஞ்சைப் பாருங்க

டெர்பி அன்று அணிப் பட்டியல் வந்ததும் எல்லோரும் முதல் 11 பேரைத் தான் பார்ப்பார்கள். கீழே இருக்கும் மாற்று வீரர்கள் பட்டியலையும் கொஞ்சம் பார்ப்பது நல்லது.

2025 ஆகஸ்ட் துராந்த் காலிறுதியில் ஈஸ்ட் பெங்காலின் ஹமீது அகதாத் காயமடைந்து சீக்கிரமே வெளியேற, பதிலுக்கு வந்தவர் கிரீஸ் நாட்டின் டிமிட்ரியோஸ் டயமண்டகோஸ். இரண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயிக்க வைத்தார்.

அதைவிடப் பெரிய சம்பவம் 2022 ஜனவரி 29ம் தேதி நடந்தது. கொரோனா காலம் என்பதால் மேட்ச் கோவாவில். ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று முன்னிலை. மோகன் பகான் ஒரு சின்னப் பையனை மாற்று வீரராக இறக்கியது. பெயர் கியான் நசிரி. வந்த சில நிமிடத்தில் ஒரு கோல். நடுவே டேவிட் வில்லியம்ஸ் ஒரு பெனால்டியை வெளியே அடித்தார். அப்படியும் பையன் விடவில்லை. 90 நிமிடம் முடிந்த பிறகு அடுத்தடுத்து இரண்டு. ஹாட்ரிக். 3-1.

கியானின் அப்பா ஜம்ஷித் நசிரி. ஈரானில் இருந்து வந்து 1980களில் கொல்கத்தாவைக் கலக்கிய ஸ்டிரைக்கர். அவர் முதலில் போட்ட கொல்கத்தா ஜெர்சி ஈஸ்ட் பெங்கால் ஜெர்சி தான். அப்பா யாருக்காக ஆடிப் பேர் வாங்கினாரோ அந்த அணியின் வலையில் மகன் மூன்று முறை பந்தைப் போட்டபோது, கேலரியில் கை தட்டவும் திட்டவும் ஒரு ரசிகர் கூட இல்லை.